பங்கு போட்ட மாத்திரை

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் கோசல் மறுபடியும் காய்ச்சலோடு காட்டிலிருந்து இறங்கி வந்தான். பைலின் பட்டணத்துக்குப் பக்கத்துக் காடு, மரம் வெட்டப் போகிறவனுக்குக் கூலி கொடுக்கிறதோ இல்லையோ, மலேரியாவைத் தவறாமல் கொடுத்தனுப்பும். ஊருக்கு ரத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறவள் அவனுடைய அக்கா மாலிஸ்தான். விரலைக் குத்திப் பார்த்தாள். முகம் கடுத்தது.

“போன தடவை குடுத்த மாத்திரை அட்டைய முழுசும் தின்னியா?”

“தின்னேன்.”

“கோசல்.”

“கூட மரம் வெட்டுற சாரெத்துக்கும் காய்ச்சல்க்கா. அவன் பாத்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் எப்படி முழுங்குறது? ஆளுக்குப் பாதி.”

காட்டில் அதுதான் முறை. சோறு ஒரே பானை, தொட்டுக்கொள்ளும் ப்ரஹோக் மீன் விழுது ஒரே டப்பா, புகையிலை ஒரே பொட்டலம். ஒருவன் ஒளித்துத் தின்றது தெரிந்தால், அவன் படுக்கிற தூளிக்குப் பக்கத்து மரத்தில் இன்னொருவன் தூளி கட்டமாட்டான். இப்படிப்பட்ட இடத்தில் மாத்திரை மட்டும் தனிச்சொத்து என்று யாருக்குத் தோன்றும்? நல்ல மனசுக்காரர்கள்தான். கிருமிக்கும் சேர்த்து நல்லது செய்துவிட்டார்கள்.

“குஞ்சு எடுக்க நீ சண்டைக்கோழிய எப்படிடா பொறுக்குவ?” என்றாள் மாலிஸ்.

கோழிப் பேச்சென்றால் கோசலுக்குக் காய்ச்சலிலும் வாய் திறக்கும். “அடி வாங்கியும் சாகாம நிக்குதுல்ல, அதைத்தான் பெட்டையோட விடுவேன். குஞ்சும் அப்படியே நிக்கும்.”

“பாதி மாத்திரையில சோப்ளாங்கிக் கிருமி எல்லாம் செத்துருச்சு. அடிய வாங்கிட்டு நின்னதுங்க உன் ரத்தத்துல குஞ்சு பொரிக்குது. கொசு அதைத்தான் ஊரெல்லாம் தூக்கிட்டுப் போகுது. நாளைக்கு முழு அட்டைய தின்னாலும் சாகாத சாதி ஒண்ணு வந்து நிக்கும். அப்ப நான் என்னத்தடா குடுக்குறது?”

கோசல், அட்டை தீரும்வரை மூன்று நாளும் அவள் கண்ணெதிரே விழுங்குவதாக ஒப்புக்கொண்டு முதல் வேளையை விழுங்கினான்.

மறுநாள் சாரெத் வந்து சேர்ந்தான். சாக்கைப் போர்த்திக்கொண்டு வீட்டுப் படிக்கட்டின் கீழே உட்கார்ந்து நடுங்கினான். மாலிஸ் அவன் விரலையும் குத்தினாள். அதே மலேரியாதான். ஆனால் மழையில் பாதை அரித்துப்போனதால் மருந்து வண்டி வழியிலேயே நின்றிருந்தது. வீட்டில் இருந்தது கோசல் தின்று மீந்த அட்டை மட்டும். கோசலுக்கு அடுத்த வேளையும் வந்துவிட்டது.

மாலிஸ் தம்பியிடம் மாத்திரையை நீட்டினாள்.  சாரெத் மாத்திரையைப் பார்த்தான், பிறகு சேற்றைப் பார்த்தான். தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. கோசல் விழுங்கினான். 

உடனே பக்கத்து வீட்டுக் கை டிராக்டரை வாங்கி, சாரெத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினான். பாதி வழி ஓட்டினான், பாதி வழி தள்ளினான். அங்கே சாரெத்துக்கு முழு அட்டை கிடைத்தது.

“முழுசும் நீயே தின்னுடா. யாருக்கும் குடுக்காத” என்றான் கோசல்.

“எப்படித் தின்னணும்னு நீதான் காட்டிட்டியே.”

சாரெத் பிழைத்துக்கொண்டான். மழை விட்டதும் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்து காட்டுக்குப் புறப்பட்டான். வீட்டைத் தாண்டி லாரி போனபோது கோசல் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மேலே உட்கார்ந்திருந்தவன் திரும்பவே இல்லை. காய்ச்சலில்கூடக் கோசலுக்கு இப்படி வலித்ததில்லை.

“கோவிச்சுக்கவாவது ஆள் உசுரோட இருக்கான்ல, விடு” என்றாள் மாலிஸ்.

“நீ சொன்னது சரிதான்க்கா. ஆனா அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் கேக்கலியே.”