நகர்ந்த கோடு

மூன்று மாதமாக தோ யோங்ஹ்வான் சியோலின் ஓடைக்கரையில் முளை அடித்துக்கொண்டிருந்தான். ஓடையை மூடி, அதன்மேல் தூண் நிறுத்தி, நகரத்தின் குறுக்கே விரைவுச்சாலை வரப்போகிறது. நிலம் அளப்பது அவன் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு, கரையோரம் வீட்டிலேயே கடை வைத்திருந்த ஓக்புன் என்பவளின் பலகை வீட்டுக்குப் போவான். நெத்திலிச் சாற்றில் நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பாள்.

பனி உருகும் முன் ஒருநாள் அவள் கேட்டாள்: "எங்க வீடு கோட்டுல வருதா தம்பி? மறைக்காம சொல்லு."

"வரலக்கா. உங்க சுவத்துக்கு ரெண்டு முழம் தள்ளித்தான் போவுது."

அன்றைக்கு அது உண்மைதான். அதை நம்பி அவள் கணவன் மாங் சோக்தே கூரைக்குப் புதிதாகத் தார்த்தாள் அடித்தான். ஏப்ரலில் வரைபடத்தில், விரைவுச்சாலையிலிருந்து கார்கள் கீழே வர ஒரு இறங்குபாதை சேர்ந்தது. கோடு நகர்ந்து அவர்களுடைய அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. அதை வரைந்ததும் யோங்ஹ்வான்தான். சொல்லத் துணிவில்லாமல் அதன்பிறகு வேறு கடையில் சாப்பிட்டான்.

இடிக்கும் நாளன்று காலை, முளைகளைக் காட்டுவதற்காக அவனையும் லாரியில் ஏற்றிவந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முப்பது பேர், கைகளில் கடப்பாரை. அவர்களுக்குத் தலைவன் கூ மன்சிக்.

"எதுவரைக்கும் சார்?"

யோங்ஹ்வான் கையை மட்டும் நீட்டினான். நீட்டிய கையை ஓக்புன் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு முழம் தள்ளின்னு சொன்ன வாய் எங்கடா போச்சு?"

அடுப்பிலிருந்த சட்டியை அப்படியே எடுத்து அவன்மேல் வீசினாள். கொதித்த சாறு இடது கையில் கொட்டி, சட்டைத் துணியோடு தோலும் உரிந்து வந்தது. அவன் நகரவில்லை.

சோக்தே வாசலை மறித்து நின்றான். "ஆளை இழுத்துப் போடுங்கடா" என்ற மன்சிக், யாரும் வருவதற்குள் தானே கடப்பாரையை வீசினான். தோள்பட்டை முறிந்த சத்தம் யோங்ஹ்வானுக்குக் கேட்டது. விழுந்தவனின் விலாவில் இன்னொரு அடி. மூன்றாவது அடிக்குக் கடப்பாரை சோக்தேயின் தலைக்கு மேலே உயர்ந்தது.

முளை அடிக்கும் சம்மட்டி யோங்ஹ்வானின் காலடியில் கிடந்தது. வெந்த கையோடு அதைத் தூக்கி, மன்சிக்கின் முழங்காலில் இறக்கினான். கால் பின்பக்கமாக மடிந்தது. மன்சிக் அலறியபடி சாய்ந்ததும் மற்றவர்கள் யோங்ஹ்வான்மேல் பாய்ந்தார்கள். இரண்டு பல் போயிற்று, ஒரு காது கிழிந்தது. நடுப்பகலுக்குள் வீடும் தரைமட்டமானது.

காவல் நிலையத்தில் எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்சவரு. சம்மட்டியால அடிச்சது அந்த வீட்டுக்காரன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

எதிர் பெஞ்சில் கணவனின் ரத்தம் காய்ந்த உடையோடு ஓக்புன் உட்கார்ந்திருந்தாள்.

"அடிச்சது நான்தான்," என்றான் யோங்ஹ்வான். உதடு வீங்கியிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"கோடு போட்டதும் இவன்தான்," என்றாள் ஓக்புன். "ரெண்டையும் எழுதிக்குங்க."

எழுத்தர் யோங்ஹ்வானைப் பார்த்தார்.

"எழுதுங்க," என்றான் அவன்.

யோங்ஹ்வானுக்குப் பத்து மாதம் சிறை கிடைத்தது. சோக்தே பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அவனையும் ஓக்புனையும் நகருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்றில் கூடாரம் போட்டுக் குடிவைத்தார்கள். யோங்ஹ்வான் சிறையில் இருக்கும்போதே இறங்குபாதையில் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன.