பஸ் கூரையில் ஆடிய வெளிச்சம்

மலாயாவில், ஈப்போவிலிருந்து வந்த கடிதத்தின் கடைசிப் பத்திதான் எல்லா வம்பையும் இழுத்துவிட்டது. தை மாதக் கப்பலில் நாகப்பட்டினம் வரும் ஒரு நண்பரின் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கியிருப்பதாக அமிர்தவல்லியின் அண்ணன் எழுதியிருந்தார். அவளுடைய கேமராவுக்கு ஒரே ஒரு சாமான் அனுப்பலாம். மூன்று கால் ஸ்டாண்டா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரா, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸா? எது வேண்டும் என்று பத்து நாளுக்குள் பதில் போடச் சொல்லியிருந்தார்.

அமிர்தவல்லி திருக்கோகர்ணத்தில் குடியிருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். அவள் கணவன் ஆத்மநாதன் புதுக்கோட்டைக்கும் கீரமங்கலத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர். 1958-இல் லீவில் ஊருக்கு வந்த அண்ணன் கையடக்கமான ஒரு சினிமா கேமராவையும் இரண்டு ஃபிலிம் சுருள்களையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சுருள் நாலு நிமிஷம் ஓடும். முதல் சுருளைப் பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்தாள். பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வந்ததைப் போட்டுப் பார்த்தபோது, ஓடிய பிள்ளைகளைவிடக் கொடிக்கம்பம்தான் அதிகமாக ஓடியது. தலைமையாசிரியை பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மனதில் வேறு ஒரு படம் இருந்தது. நைல் நதியைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த நாளில், ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் நாலு பேருக்குத்தான் தெரிந்தது. புருஷன் தினமும் போய்வரும் சாலையை முன்சீட்டில் உட்கார்ந்து முழுவதும் படமாக எடுத்து, அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் கேமரா நிற்குமா என்பதுதான் கேள்வி.

அண்ணனின் கடிதத்தைப் படித்ததும் ஆத்மநாதன் லென்ஸ்தான் என்று சொல்லிவிட்டான். மைல் கணக்கில் தள்ளி இருப்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும் என்பது அவன் கட்சி. ஸ்டூடியோ வைத்திருந்த செல்லமுத்துவிடம் கேட்டால், அவர் எந்நேரமும் கழுத்தில் மாட்டியிருக்கும் மீட்டரைத் தொட்டுக் காட்டினார். அது இல்லாமல் படம் எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற வேலை என்றார். கீழராஜ வீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் கிபாயத்துல்லா ஸ்டாண்டுதான் என்றார். கேமரா ஒருமுறை மணலில் விழுந்தபோது அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டியவர் அவர். அதன் மேல் அவருக்குப் பாதிச் சொந்தம் இருந்தது.

மூன்று பேருக்கு மூன்று கட்சி. எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், சுருள் பம்பாய் போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். கையில் இருப்பதும் ஒன்றே ஒன்று. அமிர்தவல்லி கிபாயத்துல்லாவின் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பினாள். அவர் கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"படம் வந்தாத்தான் ஆட்டம் தெரியும்னு யாரு சொன்னது டீச்சர்? ஆட்டத்தை இப்பவே பாத்துரலாம்."

மேசை இழுப்பறையைத் துழாவி, உடைந்த முகக்கண்ணாடியில் நகம் அளவு ஒரு சில்லை எடுத்தார். மெழுகு வைத்துக் கேமராவின் பக்கவாட்டில் ஒட்டினார். காலை வெயில் கடை வாசலில் விழுந்துகொண்டிருந்தது. கேமராவை வெயிலில் பிடித்ததும், சில்லில் பட்ட வெளிச்சம் கடையின் உள்சுவரில் ஒரு பொட்டாக விழுந்தது. அமிர்தவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல்தான் நின்றாள். பொட்டு வெட்டுக்கிளிபோலத் துள்ளியது. தன் கை இவ்வளவு ஆடுகிறதா என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு கடிகாரமும் பழுது பார்க்கப்படவில்லை. கேமராவைக் கழியில் கட்டிப் பார்த்தார்கள். நாற்காலி முதுகில் வைத்துப் பார்த்தார்கள். தெரிந்த சர்வேயர் ஒருவரிடம் நிலம் அளக்கும் மூன்று கால் ஸ்டாண்டை இரவல் வாங்கிவந்து, அதன் தலையில் கேமராவைக் கயிற்றால் கட்டினார்கள். பொட்டு சுவரில் ஆணி அடித்தாற்போல நின்றது.  நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று கிபாயத்துல்லாவின் முகமே சொன்னது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஆத்மநாதனையும் நிறுத்திவைத்துக் காட்டினார்கள். கேமராவைக் கையில் பிடித்துப் பக்கத்துச் சுவரில் விழச் செய்தபோது பொட்டு ஒரு சாண் ஆடியது. அப்படியே திருப்பி, வீதிக்கு எதிரே இருந்த சரக்குக் கிட்டங்கிச் சுவரில் விழச் செய்தபோது ஒரு முழம் ஆடியது. தூரத்தைக் கிட்டே கொண்டுவந்தால் ஆட்டமும் கூடவே வரும் என்று கிபாயத்துல்லா விளக்கினார்.  ஆத்மநாதன், லென்ஸை அப்புறம் ஒரு காலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று மட்டும் குறை சொன்னான்.

செல்லமுத்துவின் மீட்டரை அமிர்தவல்லி வேறு விதமாகச் சோதித்தாள். கேமராவோடு வந்த அட்டையில் எந்த வெயிலுக்கு லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும் என்று எண் போட்டிருந்தது. அதை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். இருவரும் ஸ்டூடியோவிலிருந்து பல்லவன் குளம் வரை நடந்தார்கள். அவள் ஓர் இடத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வாள். அவர் மீட்டரைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வார். வெட்டவெளி, மர நிழல், படித்துறை, மேகம் மறைத்த நேரம் என்று பத்து இடங்கள். எட்டு சரியாக வந்தது. தப்பிய இரண்டும் கூரைக்குக் கீழே இருந்த இடங்கள். சாலையில் கூரை ஏது என்றாள் அவள். செல்லமுத்து மீட்டரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஆனாலும் நான் சொல்வதைக் கேட்டால் நல்லது என்றார்.

ஆக ஸ்டாண்டு ஜெயித்துவிட்டது. பதில் எழுதவும் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கடையில் நின்ற பொட்டு பஸ்ஸில் நிற்கிறதா என்று பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. சனிக்கிழமை முதல் வண்டியில் சர்வேயரின் ஸ்டாண்டையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். கிபாயத்துல்லாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கண்டக்டர் ஸ்டாண்டுக்கு ஒரு சீட்டுக் கிழிக்க வேண்டுமா என்று கேட்டார். ஆத்மநாதன் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் வலது பக்க ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்தது. ஸ்டாண்டை முன்சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேமராவைக் கட்டியிருந்தார்கள். சில்லின் வெளிச்சம் பஸ்ஸின் கூரையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது. கூரை முழுவதும் பாய்ந்தது. எஞ்சினின் அதிர்வு தரையில் ஏறி, தரையிலிருந்து மூன்று கால்களிலும் ஏறி, கேமராவை உலுக்கியது. கையில் பிடித்தபோதுகூட இதைவிட மேலாக இருந்தது. கிபாயத்துல்லா கால்களை அகட்டி வைத்தார், குறுக்கி வைத்தார், கயிறு போட்டு இறுக்கினார். இறுக்க இறுக்க ஆட்டம் கூடியது.

அதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று தெரியாவிட்டாலும், அந்தப் பொட்டு நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் குடையைக் கொடுத்தார். இன்னொருவர் தன் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சிரித்தபோது பொட்டும் சேர்ந்து குலுங்கியது.

அடுத்த சீட்டில் மீனம்மாள் என்ற வியாபாரி உட்கார்ந்திருந்தாள். வாரம் தவறாமல் அந்த வண்டியில் சந்தைக்குப் போகிறவள். மடியில் புளியங்கொட்டை நிறைந்த ஒரு சின்னச் சாக்குப் பை. முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது, குழைந்து மடிந்து கிடந்தது. அவள் அந்தப் பையைத் தூக்கி அமிர்தவல்லியின் மடியில் வைத்தாள்.

"இதும்மேல அமுக்கி வச்சுப் பாருங்க டீச்சர். பச்சப்புள்ளயக் கெடத்துற மாதிரி."

அமிர்தவல்லி ஸ்டாண்டிலிருந்து கேமராவை அவிழ்த்துப் பையின் மேல் வைத்து அமுக்கினாள். கொட்டைகள் நகர்ந்து கேமராவின் அடியை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டன. கூரையில் பொட்டு மெல்ல அடங்கியது. பள்ளத்தில் இறங்கும்போது ஒரு தடவை ஏறி இறங்கியது; மற்றபடி ஓடையில் மிதக்கும் இலைபோல நிதானமாக அசைந்தது. பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள். கிபாயத்துல்லா பையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அதிர்வையெல்லாம் கொட்டை தின்னுருது. கடிகாரக் கடையில உக்காந்துக்கிட்டு எனக்கு இது தோணலையே" என்றார். அவர் குரலில் தோற்ற வருத்தத்தைவிடக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

கீரமங்கலத்தில் இறங்கியதும் மீனம்மாள் பையை அப்படியே அவளிடம் விட்டுவிட்டுப் போனாள். காசு வேண்டாம், படத்தில் தன் கடையும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் அமிர்தவல்லி ஒரு காகிதத்தில், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடங்களை எழுதிக்கொண்டே வந்தாள். ஆலங்குடிக் கடைத்தெரு, கண்மாய்க் கரை, கடலைக்காடு, மாட்டுவண்டி வரிசை, தென்னந்தோப்பு, சந்தை, மீனம்மாள் கடை. நாற்பதுக்கு மேல் போய்விட்டது. நாலு நிமிஷச் சுருளில் இதில் எதை எடுத்து எதை விடுவது? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதன் மேல் வைத்து எடுப்பது என்று இத்தனை நாள் மூளையைக் கசக்கியாயிற்று. எதில் எடுப்பது என்று யாருமே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்.

"எனக்கு ஸ்டாண்டும் வேணாம், மீட்டரும் வேணாங்க. அந்த எடத்துல எத்தனை சுருள் அடங்குமோ அத்தனையும் அனுப்பச் சொல்லி எழுதப் போறேன்."

ஆத்மநாதன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். "பஸ்ஸுக்கு மொதல்ல டீசல் வேணும். ஹாரன் பெறகு" என்றான். லென்ஸைப் பற்றி அவன் மறுபடியும் பேசவில்லை.

தை மாதம் நாகப்பட்டினத்திலிருந்து பத்துச் சுருள்கள் வந்து சேர்ந்தன. மாசியிலும் பங்குனியிலும் சனி, ஞாயிறுகளில் அமிர்தவல்லி முன்சீட்டில் புளியங்கொட்டைப் பையோடு உட்கார்ந்து எடுத்தாள். நல்ல வெயில் உள்ள இடங்களில் ஆத்மநாதன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். மாட்டுவண்டிக்காரர்கள் இரண்டாவது வாரத்திலிருந்து தலைப்பாகையை நேராகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மீனம்மாள் மட்டும் கேமராவைப் பார்க்காமல் வியாபாரத்தைக் கவனித்தாள்.

சுருள்கள் பம்பாயிலிருந்து திரும்பி வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. கையால் சுற்றும் ஒரு சின்னப் புரொஜெக்டரைச் செல்லமுத்து எங்கிருந்தோ வாங்கிக் கொண்டுவந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அமிர்தவல்லியின் வீட்டு முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்டக்டர், டிக்கெட் பரிசோதகர், சக டீச்சர்கள், கடைசி வண்டியில் திரும்பாமல் தங்கிவிட்ட மீனம்மாள் எல்லோரும் இருந்தார்கள். கிபாயத்துல்லா கைப்பிடியைச் சுற்றுவது தன் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வெள்ளையடித்த சுவரில் சாலை ஓடியது. கொடிக்கம்பம் ஓடியதுபோல எதுவும் ஓடவில்லை. புளியமரங்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன. கண்மாயில் வெயில் மின்னியது. மீனம்மாள் கடை வந்தபோது, தராசுத் தட்டு தாழ்வது வரை தெளிவாகத் தெரிந்தது. தட்டைப் பார்த்துவிட்டு, நான் நிறையத்தான் போடுகிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள்.

ஒரே ஒரு இடம் கெட்டுப்போயிருந்தது. கணவனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்து ஆசை ஆசையாக எடுத்தது. பின்னால் கண்ணாடி வழியே வெயில் கொட்டியதால், அவன் முகம் அடுப்புக் கரி மாதிரி வந்திருந்தது. செல்லமுத்து இருட்டில் மெல்லச் செருமினார். அமிர்தவல்லி தப்பை ஒப்புக்கொண்டாள். அது பஸ் கூரைக்குக் கீழே எடுத்தது, மீட்டர் இருந்திருந்தால் முகம் கிடைத்திருக்கும் என்றாள். மீசை தெரிகிறதே, அது போதும் என்றான் ஆத்மநாதன்.

ஆனால் ஆலங்குடி தாண்டிய வளைவு வந்தபோது அவன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். சுவரில் பஸ் அந்த வளைவில் பறந்தது. ஓரத்தில் ஆட்டுக்குட்டியோடு நின்ற ஒருவர் துள்ளி ஒதுங்கினார். கூட்டம் சிரித்தது. ஆத்மநாதன் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

"நான் அந்த வளைவுல அம்புட்டு வேகமாவா போறேன்?"

மறுநாளிலிருந்து கீரமங்கலம் பஸ் அந்த வளைவில் கல்யாண ஊர்வலம்போல நகர்ந்தது. பத்து நிமிஷம் தாமதமாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் கூடைகளோடு வரும் பெண்கள் எல்லோரும் இந்த வண்டிக்காகவே காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அந்த வாரம் கிபாயத்துல்லா பள்ளி வாசலில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. வளைவு வந்தபோது தான் சந்தோஷத்தில் கைப்பிடியை வேகமாகச் சுற்றிவிட்டதாகவும், பஸ் நிஜத்தில் அந்த வேகம் போகவில்லை என்றும், அதை ஆத்மநாதனிடம் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார்.

அமிர்தவல்லி அவரைத் தடுத்தாள்.

"சொல்ல வேணாம் பாய். அந்த ஆட்டுக்குட்டிக்காரர் நெசமாத்தானே ஒதுங்குனாரு."

வகுப்பில் போட்டுக் காட்டிய அன்று பிள்ளைகள் மூன்று முறை பார்த்தார்கள். மூன்றாம் முறை, அடுத்து வரப்போவது கண்மாய், அடுத்தது சந்தை என்று படத்துக்கு முன்னால் அவர்களே சொன்னார்கள். ஒரு பிள்ளை கீரமங்கலத்துக்கு அங்கிட்டு என்ன டீச்சர் என்று கேட்டது. அமிர்தவல்லி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். ஆத்மநாதன் கைகழுவிவிட்டு வந்து, பேராவூரணி என்றான், அதுக்கும் அங்கிட்டுக் கடல். அந்த ரூட்டில் தனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் இருக்கிறார், முன்சீட்டு கேட்டுவைக்கிறேன் என்றான்.