நடுவில் ஒரு ரெண்டு

சுருட்டை என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அழகு நிலையம் நடத்துகிறவள். ஊர் முடியையெல்லாம் படிய வைத்தாலும் தன் சுருட்டை முடியை அடக்க முடியாமல் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டவள். அவள் கணவன் தச்சன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாசலில் மணியை அழுத்தினால் அவனுடைய பட்டறை அறையில் விளக்கு மின்னும்படி ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் வந்தவள் மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவன் கைபேசி எந்த மரத்தூளுக்குள் கிடந்ததோ! தண்ணீர் குடிக்க வந்தவன் ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் தொப்பலாக நனைந்து நின்றாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"பெட்டி போச்சு. புதுசு வாங்கிடலாம்" என்று கைகளால் சொன்னான்.

"இரு, உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன்" என்று அவளும் கைகளாலேயே சொன்னாள்.

முடி உலர்த்தும் கருவிகளில் அறுந்த வயரை ஈயத்தால் பற்றவைத்துப் பழகிய கை அவளுடையது. அதற்குமேல் போனதில்லை. பெட்டியைத் திறந்ததும், மூன்று கால் வைத்த கறுப்புப் பொட்டு ஒன்று வெடித்திருப்பது கண்ணில் பட்டது. டிரான்சிஸ்டர். கொஞ்சூண்டு மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, அதைப்போல் பல மடங்கைத் திறந்துவிடும் ஆள் என்று இணையத்தில் படித்தாள். அதன் மேல் PN2222A என்று எழுதியிருந்தது.

மறுநாள் உதிரிபாகக் கடையில் ஒன்று வாங்கிவந்தாள். பழையது இருந்த திசையிலேயே வைத்துப் பற்றவைத்தாள். மணியை அழுத்தினால் விளக்கு ஏதோ கடனே என்று மங்கலாக எட்டிப் பார்த்தது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். P2N2222A. கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் கேட்டது பி என். நீங்க குடுத்திருக்கிறது பி ரெண்டு என்."

"அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா நடுவுல எதுக்கு ஒரு ரெண்டு?"

அவர் சிரித்தார். "இருபது வருஷமா விக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்ல. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லும்மா."

தலைச் சாய டப்பாவில் எண் ஒன்று மாறினாலே கறுப்பு செம்பட்டையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவளால் விட முடியவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு குடும்பமே வந்து நின்றது: உலோகத் தொப்பி போட்ட 2N2222A, அரிசி அளவுக்கு இருந்த MMBT2222A, அப்புறம் இந்த இரண்டு பிளாஸ்டிக் பிள்ளைகள். தயாரித்தவர்கள் வெளியிட்ட விவரத்தாள்களை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. கண் பூத்துப்போயிற்று.

தோளுக்குப் பின்னால் நின்ற கணவன் படத்தைத் தொட்டான். கால்களின் பெயர்களைக் காட்டினான். அந்தக் கறுப்புப் பொட்டின் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க இருந்தால், ஒன்றில் இடது காலுக்கு என்ன பெயரோ, அது மற்றதில் வலது காலுக்கு இருந்தது. நடுக்காலில் மாற்றமில்லை.

"இடக்கைக் கதவுப் பூட்டு, வலக்கைக் கதவுப் பூட்டு" என்று கைகளால் சொன்னான். "பார்க்க ஒண்ணு. மாத்திப் போட்டா வேலை செய்யாது."

"அடப்பாவி, அவ்வளவுதானா!"

கழற்றி, அப்படியே திருப்பிப் போட்டு மறுபடி பற்றவைத்தாள். வாசலுக்கு ஓடி மணியை அழுத்தினாள். அவன் வாசலுக்கு வரவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே போய்ப் பார்த்தால், அவன் பளிச்சென்று மின்னிய விளக்கின் கீழே கதவை மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினான்.

ஆசை தீர அழுத்திக் காட்டிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ ரெண்டையும் வேற வேற டப்பாவுல போடணும்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏம்மா, கடைசியில ஒரு ஏ இருக்கே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

"இருங்கண்ணே" என்று அவள் விவரத்தாளை மறுபடி திறந்தாள்.