நத்தைகள் மட்டும் செத்த தொட்டி

தங்கை கல்யாணம் முடிந்து மார்த்தாண்டத்திலிருந்து திரும்பிய ஸ்வீட்லினுக்கு, ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாற்றம் அடித்தது. ஹாலில் இருந்த அவளுடைய கடல்நீர் மீன்தொட்டியின் அடியில் நத்தைகள் மல்லாந்து கிடந்தன. வருடக்கணக்கில் வளர்த்த பவளங்கள் இறுக மூடிக்கொண்டு, ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

"பைப்புத் தண்ணிய ஊத்தினியா?"

சோபாவில் கிடந்த ஜெர்வின் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இத்தினி நாள் கழிச்சு வர்ற. புருஷன் இன்னா ஆனான்னு கேக்கல, நத்தையக் கேக்குற."

"புருஷன் மல்லாந்து கிடக்கலையே. ஊத்தினியா, இல்லையா?"

"ஊத்தல. கர்த்தர் மேல ஆணை."

"பொய் சொல்றதுக்கு அவரு எதுக்கு?"

கடல்தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்துபோன அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பைப்பில் வரும் போர் தண்ணீரை ஊற்றினால் அதில் கரைந்திருப்பதெல்லாம் நாளுக்கு நாள் தொட்டியில் சேரும், குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுவதைப்போல. இதற்கென்றே ஸ்வீட்லின் பால்கனியில் தனி ஃபில்டர் மாட்டியிருந்தாள். அது சொட்டுச் சொட்டாகத்தான் விடும். ஆனால் அதிலிருந்து வரும் தண்ணீரில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஊருக்குக் கிளம்பும்போது அவள் ஜெர்வினிடம் சொன்னது இவ்வளவுதான்: பைப்புத் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது, சுத்தமான தண்ணி மட்டும்.

"ஒழுங்கா ஒரு சொம்பு ஊத்தத் தெரியல. படிச்ச ஆளாம்."

ஜெர்வின் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். "தண்ணி கெட்டதுன்னா மீன் ஏன் சாவல? பாரு, மாப்ள மாதிரி சுத்திகினு கீது."

திருப்பித் திட்ட வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவன் சொன்னது சரி. குளோரின் என்றால் முதலில் மீனின் செவுளைத்தான் எரிக்கும். போர் தண்ணீர் என்றால் பாசி படர்ந்து, எல்லாமே மெல்ல மெல்ல வாடும். மீனை விட்டுவிட்டு நத்தையையும் பவளத்தையும் மட்டும் கொல்லும் பொருள் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர்கள் அதையே மருந்தாக, தனித் தொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள்.

"எதுலேருந்து பிடிச்சு ஊத்தின?"

"கிச்சன்ல. உன் பால்கனி மெஷின் முன்னாடி எவன் தவம் கெடக்கிறது? நீ போன மறுநாளே அம்மா மேனாம்பேட்டுலேருந்து புதுசா ஒண்ணு அனுப்பிச்சாங்க. செம்பு போட்டது. மூட்டு வலிக்கு நல்லதாம்."

அவள் சமையலறைக்குப் போனாள். சுவரில் செம்பு நிறப் பட்டை போட்ட மெஷின் மினுங்கியது. இந்த வகை மெஷின் முதலில் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். பிறகு, ராத்திரி முழுக்கச் செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம்புகிறவர்களுக்காக, கடைசிக் குழாயில் கொஞ்சம் செம்பைக் கலந்து அனுப்பும். ஒரு டம்ளர் பிடித்து, செம்பு இருந்தால் நீலமாகும் தன் பரிசோதனைச் சொட்டுகளை விட்டாள். நீலம் ஏறியது. தொட்டித் தண்ணீரிலும் விட்டாள். அதிலும் நீலம்.

"பைப்புத் தண்ணிய ஊத்தியிருந்தாக்கூட பாதி பிழைச்சிருக்கும்," என்றாள்.

"நான் அதைத்தான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவலையே?"

"நீ நத்தை இல்லையே."

"இன்னா சொன்ன நீ? பைப்புத் தண்ணி வேணாம், சுத்தமானது ஊத்துன்னியா இல்லையா? வீட்லயே சுத்தமானதத்தான் ஊத்தினேன்."

அவள் டம்ளரை சிங்க்கில் கவிழ்த்தாள். "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"போட்டேன். மண்டபத்துல இருக்கேன், அப்புறம் பேசுன்னு கட் பண்ணிட்ட."

"உங்கம்மாவுக்கு என் தொட்டியைப் பார்த்தா என்னைக்கும் ஆகாது."

"எங்கம்மாவ இழுக்காத. தண்ணிய மாத்திடு, தீர்ந்துது."

"தீராது. தொட்டிக்குள்ள இருக்கிற பாறை செம்பை உறிஞ்சி வச்சிருக்கும். எத்தனை தடவை மாத்தினாலும் திரும்பக் கக்கும்."

பயணத்துப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பால்கனிக்குப் போனாள். ஜெர்வின் அந்தப் பக்கமே போகாததால் ஃபில்டரின் டிரம் தளும்ப நிறைந்திருந்தது. பெரிய பக்கெட்டில் அதைச் சாய்த்துக் கடலுப்பைக் கலக்கினாள். உப்பு கரைந்து தண்ணீர் தெளிந்ததும், உளியால் பவளங்களைப் பாறையிலிருந்து பெயர்த்தாள். பாறைத் துண்டு ஒட்டியிருந்தால் அதையும் நறுக்கி எறிந்தாள். சில கையிலேயே கூழாகக் கரைந்தன. அவற்றைக் குப்பையில் போட்டாள். மிச்சம் பாதிக்கும் குறைவு. அவற்றை ஒவ்வொன்றாகப் பக்கெட்டில் இறக்கி, தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரையும் விளக்கையும் எடுத்துக்கொண்டாள்.

"அத்த எங்க வெக்கப்போற?" என்றான் ஜெர்வின்.

"பெட்ரூம்ல. தண்ணி சூடாகக் கூடாது, ஏசி அங்கதான இருக்கு."

"அப்ப நான்?"

"மீனுங்க ஹால்லதான் இருக்கும். அதுங்களுக்கும் உனக்கும் இந்தத் தண்ணி ஒத்துக்குதுல்ல, ஒண்ணா இருங்க."

பக்கெட்டை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது.