மரவாத்துகளும் ஒரு ஓமும்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் காலை, லண்டனின் கிழக்கு எல்லையில், தேம்ஸ் ஓரத்துச் சேற்றுக் குழி ஒன்றுக்குள் யோகராஜா துப்பாக்கியோடு குந்தியிருந்தார். மகள் தக்ஷிகாவின் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று நேர்ந்து ஐந்து நாளாகப் பாலும் பழமும்தான். அப்படிப்பட்ட மனிதர் வாத்து அடிக்க வந்திருக்கிறார்.

வேறு வழி? பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டுக்கு 'ஏலாது' என்று சொல்லலாமா? எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டி 'ஓம்'தான். மண்டபத்துக்கு ஓம், நாளுக்கு ஓம். சம்பந்தி கிருஷ்ணராசா பழைய துப்பாக்கிச் சங்கம் ஒன்றில் உறுப்பினர். "வேட்டைக்கு வாறீங்களோ?" என்று அவர் கேட்டபோதும் வாய் முந்திக்கொண்டது. கலண்டரைப் பிறகுதான் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி வெடிக்கிற துப்பாக்கி அது. குழல் வாயால் வெடிமருந்தும் சன்னக் குண்டுகளும் இடித்து, துப்பாக்கியின் பக்கவாட்டில் பொறி விழும் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து போட்டு மூடிக் கொடுத்திருந்தார் சம்பந்தி. முன்னால் தண்ணீரில் பன்னிரண்டு மரவாத்துகள், உண்மை வாத்துகளை ஏமாற்றுவதற்காக மிதந்துகொண்டிருந்தன.

தூறல் விழுந்தது. யோகராஜாவுக்குக் கள்ளப் புத்தி வந்தது. சம்பந்தி மறுபக்கம் திரும்பிய நேரம் கிண்ணியின் மூடியைத் திறந்து மழைக்குக் காட்டினார். முருகா, நல்லாய் நனையட்டும்.

இரண்டு வாத்துகள் வட்டமிட்டு இறங்கின. "அடியுங்கோ!" என்றார் சம்பந்தி. யோகராஜா விசையை இழுத்தார். பொறி பறந்தது, வெடிக்கவில்லை. வாத்துகள் தப்பிப் பறந்தன. அப்பாடா என்றிருந்தது.

"மருந்து நனைஞ்சு போச்சு." சம்பந்தி சிரித்துக்கொண்டே தன் துப்பாக்கியை நீட்டினார். "இந்தாங்கோ, இது காய்ஞ்சிருக்கு. ஒண்டாவது அடிக்காமல் உங்கள விடமாட்டன்."

அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"உங்களோட ஒரு கரைச்சலும் இல்லை, சம்பந்தி," என்றார் கிருஷ்ணராசா. "உங்கட பிள்ளையும் அப்பிடித்தான். கலியாணத்தோட வேலையை விட்டிட்டு எங்களோட வந்து இருங்கோ எண்டன். மறுபேச்சே இல்லை. உடன ஓம் எண்டிட்டா."

யோகராஜா சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். தக்ஷிகா கண் வைத்தியராக வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டுப் படித்தவள். தகப்பனிடம்கூட ஒரு சொல் சொல்லவில்லை. இந்த ஓமை எங்கே பழகினாள்? வீட்டில்தான். வெட்கமும் கோபமும் வந்தன, இரண்டும் தன் மேல்தான்.

மரவாத்துகளை நம்பி இன்னொரு கூட்டம் இறங்கியது.

"இப்ப! அடியுங்கோ!"

யோகராஜா துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். "ஏலாது, சம்பந்தி."

"ஏன், கை நடுங்குதோ?"

"நான் சஷ்டி விரதம்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நீங்கள் கூப்பிட்டனீங்கள்." யோகராஜா அதோடு நிறுத்தவில்லை. "பிள்ளை சொன்ன ஓமையும் நம்பாதேங்கோ. அது என்னட்டைப் பழகினது."

சம்பந்தியின் சிரிப்பு நின்றது. காரும் அவருடையது, சேற்றுக்குள்ளால் திரும்பிப் போகும் வழி தெரிந்தவரும் அவர்தான். இருந்தாலும் யோகராஜா சொன்னதைத் திருப்பி எடுக்காமல் குழிக்குள் அசையாமல் இருந்தார்.