சாவி, குடை, எலுமிச்சை

என் அக்காவுக்கு 'இரும்புத் தலை' என்று பட்டப்பெயர் வைத்தவர் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் புரமோட்டர். போஸ்டரில் அவள் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அதைப் போடுவார். எத்தனை குத்து விழுந்தாலும் கீழே சாயமாட்டாள் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வாங்குவது அவருடைய தலை இல்லையே.

முதல் மூன்று வருடம் அக்கா ஜெயித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். விடியற்காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இழுத்துப் போடுவாள். மத்தியானம் அதே தோளோடு டயர் கடை மாடியிலிருந்த பயிற்சிக்கூடத்துக்கு வந்து மணல் மூட்டையைக் குத்துவாள். ஒன்பது போட்டி, ஒன்பதிலும் வெற்றி. நான் திரைச்சீலை தைக்கிறவள். போட்டி நாளில் லீவு போட்டுவிட்டு ரிங்கின் ஓரம் அவளுடைய மூலையில் நிற்பேன். வாளி, ஐஸ் பை, வாசலின், துண்டு எல்லாம் என் பொறுப்பு. சுற்றுக்குச் சுற்று அவள் வாய்க்காப்பைக் கழுவிக் கொடுப்பது நான்தான். மூக்குடைபடுவது என்று ஊரில் பேச்சுக்குத்தான் சொல்வார்கள். என் அக்காவுக்கு மூன்று தடவை நிஜமாகவே உடைந்தது. மூன்று தடவையும் பஞ்சு வைத்தது என் கைதான்.

பத்தாவது போட்டியில் புரமோட்டர் வளர்த்துவிடப் பார்த்த ஒரு புதுப் பெண்ணோடு மோதவிட்டார்கள். ஆறு சுற்றும் அக்கா அவளைத் துரத்தித் துரத்தி அடித்தாள். மூன்று நடுவர்களும் வேறு ஏதோ போட்டியைப் பார்த்திருக்க வேண்டும். புதுப் பெண்ணின் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். அன்றிலிருந்து அக்கா 'எதிராளி' ஆனாள்.

எங்கள் தொழிலில் எதிராளி என்றால் விரோதி இல்லை, அது ஒரு வேலை. வளர்த்துவிட வேண்டிய பெண் ஒருத்தி இருப்பாள், அவள் ஜெயிப்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். கூப்பிட்டால் பத்து நாளில் வரவேண்டும், எடை சரியாக இருக்கவேண்டும், கடைசி மணி வரை நிற்கவேண்டும், ஜெயித்துத் தொலைக்கக் கூடாது. விழவும் கூடாது. விழுந்தால் மூன்று மாதம் ரிங்கில் ஏற விடமாட்டார்கள், பிழைப்பு போச்சு. ஆகவே அக்கா நின்றாள். பதினோரு வருடம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோற்றவை இருபத்தேழு. ஒன்றில்கூட விழவில்லை. இரும்புத் தலை!

வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அதற்கென்று ஒரு பெரியவர் இருந்தார். கண்ணில் டார்ச் அடிப்பார், மூக்கைத் தொடச் சொல்வார், கோட்டின் மேல் நடக்கச் சொல்வார். ஆரம்பத்திலேயே மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அதைத் திருப்பிக் கேட்பார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதுதான் பரீட்சை. சாவி, குடை, எலுமிச்சை. முதல் வருடமும் அதுதான், ஐந்தாம் வருடமும் அதுதான். மனிதருக்கு வேறு மூன்று வார்த்தை யோசிக்கக்கூட சோம்பேறித்தனம். பயிற்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாராவது தலையில் பலமாக வாங்கிவிட்டால், "டேய், எலுமிச்சை இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்போம்.

அக்காவுக்கு அதை மனப்பாடம் செய்துவைத்தது நான். முதலில் விளையாட்டாகத்தான். அவள் கயிறு தாண்டும்போது நான் 'சாவி' என்பேன், அவள் 'குடை' என்பாள். கடைசி மூன்று வருடமாக அது விளையாட்டாக இல்லை. சான்றிதழ் வாங்கப் போகும் வாரம் முழுக்கக் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும். குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுவாள். அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிடுவாள். சலவைக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "நான் எங்க போகணும்டி?" என்று கேட்டிருக்கிறாள். சட்டைப் பித்தானைப் போட விரல் நடுங்கும். பயிற்சியாளரிடம், மாஸ்டர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், ஒரு நாள் சொன்னேன். "தூக்கம் பத்தலமா. சலவ வேலைய விடச் சொல்லு" என்று பூசி மெழுகினார். பதினான்கு வருடம் அவளுக்குக் கையுறை கட்டிவிட்ட மனிதர். அவர் மட்டும் பார்க்காமலா இருந்திருப்பார்?

இந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. பட்டத்துக்கான போட்டி, பத்துச் சுற்று. மோத வேண்டியவள் பயிற்சியில் கையை உடைத்துக்கொண்டாள். ஆள் கிடைக்காமல் புரமோட்டர் மாஸ்டருக்குப் போன் செய்தார். பட்டம் வைத்திருந்தவள், பதினோரு வருடத்துக்கு முன்னால் நடுவர்கள் கையைத் தூக்கிப் பிடித்த அதே புதுப் பெண்.

அக்கா அன்று அழுதாள். மூக்கு உடைந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு தடவ, நான் எதிராளியா இல்லாம போறேன்டி. ஜெயிக்கத்தான் போறேன்" என்றாள். "அப்புறம் விட்டுர்றேன். உன் மேல சத்தியம்."

நான் வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

பட்டத்துக்கான போட்டி என்பதால் குத்துச்சண்டை வாரியமே டாக்டரை நியமித்தது. வயது முப்பதுகூட இருக்காத ஒரு பெண். அவருடைய அறையில் நாற்காலிகள் குறைவு. அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள், மாஸ்டர் கதவில் சாய்ந்தார், நான் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றேன்.

"மூணு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சு கேப்பேன். ஆணி, பால், ஜன்னல்."

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும், நல்ல பிள்ளைபோல், மூன்றையும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு டார்ச், மூக்கு, கோடு. கோட்டில் ஒரு இடத்தில் கால் விலகியது. சுவரைத் தொடாமல் சமாளித்துவிட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, "ஸ்கூல்லயே எனக்கு வராது டாக்டர்" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

"சரி, அந்த மூணு வார்த்தை?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"சாவி, குடை, எலுமிச்சை."

டாக்டரின் பேனா நின்றது. மாஸ்டர் முந்திக்கொண்டார். "பழைய டாக்டர் எப்பவும் அதத்தான் கேப்பாரு டாக்டர். பழக்கத்துல வந்துருச்சு. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப இன்னைக்கு நான் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள். சுற்று முடிந்து மூலைக்கு வரும்போது தண்ணீருக்காகப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் உதட்டை அசைத்திருந்தால் போதும்.

"இப்ப வேணாம்னு விட்டுடுங்க டாக்டர், பயந்துட்டா" என்றார் மாஸ்டர்.

டாக்டர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க தங்கச்சிதானே? கூடவே இருக்கீங்க. வீட்டுல மறதி ஏதாவது இருக்கா? பழக்கம்னா நான் நாளைக்குத் திரும்ப வரச் சொல்லிப் பாக்கறேன். இல்லன்னா சொல்லிடுங்க."

நாளைக்கு என்றால் போதும். ஒரே இரவு. ஆணி, பால், ஜன்னல் என்று கேட்டுக் கேட்டு நான் அவள் வாயில் ஏற்றியிருப்பேன். டாக்டர் வேறு மூன்றைக் கேட்டாலும் கதவருகில் நின்று உதட்டை அசைத்திருப்பேன். அக்கா பத்துச் சுற்று நின்றிருப்பாள். நிற்கத்தான் அவளுக்குத் தெரியுமே. பத்துச் சுற்றும் அந்தத் தலையில் விழுவதை நான் கீழே வாளியோடு நின்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

"பஸ்ஸ விட்டு எறங்க மறந்துடறா டாக்டர்" என்றேன். "அடுப்ப அணைக்க மறந்துடறா. மூணு வருஷமா."

அக்கா கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வலது காலில் இடது செருப்பு. மாற்றிவிட நான் குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் மாஸ்டர் வாய்க்கு வந்தபடி கத்தினார். "பதினாலு வருஷ உழைப்புமா இது! ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவ?" நானும் கத்தினேன். "தெரிஞ்சுதானே அவளத் தூக்கி ரிங்குல விட்டீங்க?" அவர் இறங்கிப் போனார். புரமோட்டர் சாயங்காலத்துக்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். இரும்புத் தலை என்று அச்சடித்திருந்த போஸ்டர்களின் பின்பக்கத்தில் பயிற்சிக்கூடத்துப் பையன்கள் தங்கள் எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

தெருவுக்கு வந்ததும் அக்கா நின்றாள்.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பழசு முந்திக்கிட்டு வந்துருச்சு, அவ்வளவுதான்."

"அப்ப புதுசு என்ன? சொல்லு."

அவள் எதிர்க் கடையின் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரிங்குல யார் யாரோ என்ன அடிச்சாங்க. என் வயித்துல அடிச்சது நீ ஒருத்திதான்டி" என்றாள்.

சொல்லிக்கொடுத்ததும் நான், போட்டுக்கொடுத்ததும் நான். மூன்று வருடத்துக்கு முன்னாலேயே அந்தப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். கடைசிவரை வாயை மூடியிருந்தால் அவளுக்கு அந்தப் பட்டப் போட்டியாவது கிடைத்திருக்கும். நான் இரண்டையும் கெடுத்தேன்.

ஏழு மாதம் என் போனை எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மாற்றித் தைத்த திரைச்சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் தட்டினேன். திறந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. கை முஷ்டியானது, தாடை மார்பை நோக்கி இறங்கியது. மணி அடித்ததும் அவள் அப்படித்தான் நிற்பாள்.

"ஆணி, பால், ஜன்னல்" என்றாள். ஒவ்வொன்றாக, அழுத்தி, முகத்தில் அடித்தாற்போல். "ஞாபகம் இருக்கு, பாத்தியா? அன்னைக்கும் இருந்துச்சு. போய் அந்த டாக்டர்கிட்ட சொல்லு."

கதவைச் சாத்திவிட்டாள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே அவளுக்கு ஞாபகம் இருந்ததா? மாஸ்டர் பிறகு சொல்லிக்கொடுத்தாரா? என்னைப் போலவே யாராவது காலையும் இரவும் கேட்டுக் கேட்டு ஏற்றினார்களா? அல்லது அவளை நான் அநியாயமாக வீட்டில் உட்காரவைத்துவிட்டேனா? திரைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத் தையலை விரலால் நீவிக்கொண்டு, அழுதேன். சரியாகச் சொன்னாளே, மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னாளே என்று இன்னொரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்.

ஐந்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. கையில் குப்பைப் பையோடு அக்கா வெளியே வந்தாள். படியில் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"நீ எப்படி வந்த?" என்றாள். "எப்ப வந்த?"

பிறகு முகம் இறுகியது. குப்பைப் பையைக் கீழே வைத்தாள். கை முஷ்டியானது.

"ஆணி, பால், ஜன்னல்" என்றாள். "ஞாபகம் இருக்கு, பாத்தியா?"