லில்லியின் சம்மதம்

"அந்த நர்ஸுகூடச் சேந்து வாசப்படி தாண்டுனே, திரும்பி இந்த வூட்டுக்குள்ள வராத!"

செல்லக்கண்ணு கையிலிருந்த முறத்தைத் தூக்கி எறிந்தாள். அரிசி அறை முழுக்கச் சிதறியது. மருமகள் லில்லி குனிந்து அள்ளவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று புரியாமல் கதவோரம் நின்றாள் கிராம நர்ஸ் விஜயராணி.

"கோவப்படாதீங்கம்மா. டாக்டருங்களுக்குப் பயிற்சி நடக்குது. உங்க தெருப் பொண்ணுங்க வந்தா எப்டிப் பேசணும், எப்டிக் கேட்டுத் தொடணும்னு சொல்லிக் குடுக்குறாங்க. லில்லி தனக்கு நடந்தத சொன்னா போதும்."

லில்லிக்கும் இந்தப் பேச்சில் நம்பிக்கையில்லை. போன வருஷம் டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைப்பிரசவம். அதன்பின் மாதக்கணக்கில் உதிரப்போக்கு, இடுப்பு ஒடிகிற வலி. ஸ்கேன் எடுத்தபோதுதான் கருப்பைக்குள் காப்பர்-டி இருப்பது தெரிந்தது. பிள்ளை பெற்றுக் கிடந்தபோதே, அவளைக் கேட்காமல், வைத்திருக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாள். "நல்லதுதானே பண்ணியிருக்கோம்? உங்க ஆளுங்களுக்குச் சொன்னா புரியவா போவுது?" என்றார் டாக்டர். அன்றைக்குத் திரும்பி வந்தவள்தான். வலி இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

இப்போது வலிய வந்து கூப்பிடுகிறார்கள். எதற்கு? மயக்க ஊசி போட்டுக் குடும்பக் கட்டுப்பாடே செய்து அனுப்பிவிடுவார்களோ?

ஆனால் அத்தை ஏன் தன்னைவிட இப்படிப் பதறுகிறாள்? அந்தக் கேள்விதான் லில்லியைக் கிளப்பியது. குழந்தையை அத்தையின் மடியில் போட்டுவிட்டு நர்ஸோடு நடந்தாள்.

தவளக்குப்பத்தில் ஒரு மண்டபம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். தந்த டீயைக் குடிக்கவில்லை. பயிற்சி நடத்த வந்த பெண் டாக்டர், அரிகரன் என்ற இளம் டாக்டரை எழுப்பி, "இவங்க உங்க பேஷன்ட்னு நெனச்சிக்கிட்டுப் பேசுங்க" என்றாள்.

அரிகரன் லில்லியை மேலும் கீழும் பார்த்தான். "எந்தப் பக்கம்?"

"கிருமாம்பாக்கம் பக்கம்."

"ஊரா, காலனியா?"

"அது தெரிஞ்சா மருந்து மாறுமா டாக்டர்?" என்று குறுக்கிட்டாள் அந்த அம்மா. அரிகரனின் முகம் சிவந்தது.

பிறகு லில்லி நடந்ததைச் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்காமல், கதவைப் பார்த்தே சொல்லி முடித்தாள். பின்வரிசையிலிருந்து வயதான டாக்டர் ஒருவர் கனைத்தார். "கேக்காம வெக்க மாட்டாங்கம்மா. வீட்டுப் பெரியவங்கள யாரையாச்சும் கேட்டிருப்பாங்க."

பயிற்சி நடத்திய அம்மா அவருக்கு ஏதோ சூடாகப் பதில் சொன்னாள். லில்லியின் காதில் அது விழவில்லை. பிரசவ அறைக்கு வெளியே அன்றைக்கு நின்றிருந்த பெரியவள் ஒருத்திதான்.

வீடு திரும்பியபோது செல்லக்கண்ணு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்த, அன்னிக்கி உங்களக் கேட்டாங்களா?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை.

"கேட்டாங்கடி. எல்லாரும் நிக்கிற எடத்துல, 'உங்க ஜனம் வருஷத்துக்கு ஒண்ணு பெத்துப் போடும், வெச்சி உட்டுடவா'ன்னாங்க. ஒடம்பு கூசிப் போச்சி. அந்த வாய அடச்சா போதும்னு இருந்துச்சி. தலையாட்டிட்டேன்."

"அப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நான் வலியில துடிக்கறப்ப பக்கத்துலயேதான இருந்தீங்க?"

"எப்டிடி சொல்லுவேன்? உம் புருஷன் சேவியருக்குத் தெரிஞ்சா, பெத்தவன்னும் பாக்காம என் மூஞ்சியில முழிப்பானா?" செல்லக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பெரியவதான, உனக்காக நானே சரின்னு சொல்லக் கூடாதான்னும் அன்னிக்கி நெனச்சேன்."

லில்லிக்கு அவமானப்படுத்தியவர்கள் மீதும் கோபம், அந்த அவமானத்தை இவள் உடம்பைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டவள் மீதும் கோபம். எது பெரிதென்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வலி தாங்காமல் சுகாதார நிலையத்துக்குப் போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்லக்கண்ணுவும் கூடவே வந்தாள். உள்ளே இருந்தது அரிகரன்.

அவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். திரையை இழுத்துவிட்டான். ஊரா காலனியா என்று கேட்கவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது ஒன்றையும் அவன் மறக்கவில்லை.

"காப்பர்-டிய எடுத்துடலாம். வலிக்காம எப்டி எடுப்போம்னு முதல்ல சொல்றேன். அதுக்கப்புறம் ஊசி, மாத்திரைன்னு வேற வழியும் இருக்கு. உங்க விருப்பம் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டோம்." குரலில் அவ்வளவு கனிவு. "என்ன செய்யலாம், சொல்லுங்கம்மா."

அவன் பார்த்துக் கேட்டது செல்லக்கண்ணுவை.

செல்லக்கண்ணு வாயைத் திறந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"அத்த, புள்ளயத் தூக்கிக்கினு வெளிய இருங்க."

அவள் தயங்கினாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனாள். லில்லி நாற்காலியை இழுத்து டாக்டருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க."

அரிகரன் அதே கேள்வியை அவளிடம் கேட்டான்.

"உள்ள இருக்கறத இப்பவே எடுங்க. வேற ஏதாச்சும் வேணுமான்றத நான் யோசிச்சி சொல்றேன்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவன் கதவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். "சீக்கிரம் சொன்னா நல்லாருக்கும்."

"யோசிச்சிதான் சொல்லுவேன்" என்றாள் லில்லி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.